பதினேழு அங்குலம்

ஒரு கிழவரின் ஞாபகத்தை நான் கெடுத்தேன். கெடுத்தேன் என்றால், அவருக்கு ஞாபகம் நன்றாகத்தான் இருந்தது. இல்லை என்று அவரையே நம்ப வைத்தேன். இரண்டு தடவை. முதல் தடவை கர்வத்தால். இரண்டாம் தடவை பயத்தால். இதை எழுதாமல் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் தள்ளிவிட்டேன். படிக்கிறவர்கள் முழுவதையும் கேட்டுவிட்டு என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

நான் மாட்டுங்காக்காரன். கிங்ஸ் சர்க்கிளுக்குப் பக்கத்தில் வீடு. ஃபோர்ட்டில் வங்கி வேலை. அப்போதெல்லாம் சனிக்கிழமை அரை நாள். மதியம் கவுன்டரை மூடியதும் பையை மாட்டிக்கொண்டு கர்ஜத் லோக்கலோ கசாரா லோக்கலோ பிடித்துவிடுவேன். சஹ்யாத்ரியில் நான் ஏறாத கோட்டை குறைவு. கோட்டையிலிருந்து பீரங்கிக்குப் போனேன். பீரங்கியிலிருந்து துப்பாக்கிக்கு. கல்லூரியில் என்.சி.சி.யில் தோளில் வாங்கிய உதை ஏற்கெனவே உள்ளே இருந்தது. த்ரீ நாட் த்ரீ. லீ என்ஃபீல்டு.

அந்தத் துப்பாக்கியைப் பற்றி என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்கலாம். 1907 மாடல், எடை நாலு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. பத்து தோட்டா கொள்ளும். ஐந்து ஐந்தாக இரண்டு கிளிப்பில் அழுத்த வேண்டும். வங்காளத்தில் இஷாப்பூர் தொழிற்சாலையில் லட்சக்கணக்கில் செய்தார்கள். குழல் முனைவரை மரம் மூடியிருக்கும், அதனால் மூக்கு தட்டை. பின்னால் வந்த நம்பர் ஃபோர் ரகத்தில் குழல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சாதாரணக் குடிமகன் இந்த ரகத்தை வைத்துக்கொள்ளச் சட்டம் விடாது. ஆகவே என்னிடம் இருந்தது புத்தகங்களும் படங்களும்தான். இந்த விவரங்களை இங்கே எழுதும்போதுகூட எனக்கு ஒரு சுகம் இருக்கிறது. அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

எங்கள் வங்கி ப்யூன் தாராவியில் இருந்தான். 1997இல் ஒருநாள், "சார், எங்க சந்துல ஒரு பட்டாளத்துத் தாத்தா இருக்காரு. வெள்ளைக்காரன் காலத்துச் சண்டையில இருந்தவரு" என்றான். அன்று சாயங்காலமே போனேன். நைன்டி ஃபீட் ரோட்டில் இறங்கி, இரண்டு ஆள் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்து. பத்துக்குப் பத்து அறை. அவர் தரையில் உட்கார்ந்து தோல் பைக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார். பாட்டி ஸ்டவ்வைப் பம்ப் அடித்துக்கொண்டிருந்தாள். நாற்காலி கிடையாது. ஒரு டிரங்குப் பெட்டியைத் துடைத்து என்னை உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். பெட்டியின் முன்பக்கம் வெள்ளைப் பெயின்ட்டில் ஏதோ எண் எழுதியிருந்தது. அது அவருடைய படை எண். நான் அதன்மேல் காலைத் தொங்கப்போட்டிருந்தேன்.

வேலூர்ப் பக்கம். சேரிப் பையன். பதினெட்டு வயதில் மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்து பெங்களூரில் பயிற்சி. 1941இல் பம்பாயில் கப்பல் ஏறினார். எகிப்து, பிறகு இத்தாலி. 1946இல் அதே பம்பாயில் இறங்கினார். ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு, பிழைக்க மறுபடி பம்பாய்க்கே வந்துவிட்டார். தாராவித் தோல் கிடங்கில் முப்பது வருடம். அந்தப் போரில் இந்தியப் படையில் சுமார் 25 லட்சம் பேர் இருந்தார்கள். போர் முடிந்ததும் பெரும்பாலோரைக் கணக்கு முடித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பென்ஷன் பெறும் அளவுக்கு அவர்களுக்குச் சர்வீஸ் இல்லை. இவரும் அப்படி வந்தவர்தான்.

நான் இதையெல்லாம் கேட்கப் போகவில்லை.

"துப்பாக்கி நம்பர் ஞாபகம் இருக்கா தாத்தா?" என்றேன்.

"துப்பாக்கி நம்பரா? என் நம்பரு ஞாபகம் இருக்குது சார்." சொன்னார். நான் குறித்துக்கொள்ளவில்லை. எனக்கு வேண்டியது துப்பாக்கியின் எண்.

அவர் சுட்டது குறைவு. சாப்பர்களுக்கு வேலை பாலம் போடுவது, ரோடு போடுவது, கண்ணிவெடி எடுப்பது. "மைனு சார், மைனு" என்றார். கோணி ஊசியை எடுத்தார். மடித்து வைத்திருந்த சாக்குக் குவியல்மேல் குப்புறப் படுத்தார், அந்த எழுபத்தைந்து வயதில். ஊசியைச் சாய்த்துப் பிடித்து ஒரு சாண் முன்னால் குத்தினார். எடுத்தார். நாலு விரல் தள்ளிக் குத்தினார். "நேரா குத்தினா மண்டையில பட்டு வெடிச்சிடும். சாய்ச்சுக் குத்தினா பக்கவாட்டுல இடிக்கும். கல்லா மைனான்னு கையில தெரியும். ஜெர்மன்காரன் மரப்பெட்டியில ஒண்ணு பண்ணான் சார். மிஷினு வச்சுப் பாத்தா கத்தாது. சங்கீன்தான் கதி."

சங்கீன் என்றால் துப்பாக்கி முனையில் மாட்டும் பயனெட். அந்தக் காலத்துப் பட்டாளத்து இந்துஸ்தானி. துப்பாக்கியை முதுகில் போட்டுக்கொண்டு, சங்கீனை மட்டும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே ஊர்ந்து போவார்களாம். தன் கோஷ்டியில் பக்கத்தில் ஊர்ந்தவன் ஒருவனைப் பற்றி ஆரம்பித்தார். ஊர் போளூர் என்றார். எனக்கு அவசரம். "தாத்தா, துப்பாக்கிக் கட்டையில பித்தளை வட்டம் இருந்துச்சா?" என்று குறுக்கே கேட்டேன். அவர் யோசித்துப் பதில் சொன்னார். போளூர்க்காரன் கதை அங்கேயே நின்றுவிட்டது. அவனுக்கு என்ன ஆயிற்று என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சுபேதார் சுப்பிரமணியத்தைப் பற்றியும் அவர் பேசினார். இதே மெட்ராஸ் சாப்பர்ஸ். 1944 பிப்ரவரி 24, இத்தாலியில் மிஞானோ. கண்ணிவெடி ஒன்று வெடிக்கப் போகிறது என்று தெரிந்ததும், கூட இருந்தவர்களைக் காப்பாற்ற அதன்மேலேயே விழுந்தவர். செத்த பிறகு ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள். கிழவர் தேதி சொல்லவில்லை. "மேல வுழுந்துட்டாரு சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வாரைத் தைக்க ஆரம்பித்தார். தேதி எனக்குத் தெரியும். அதைச் சொன்னேன். ஊரையும் சொன்னேன். அவர் ஊசியை நிறுத்தி என்னைப் பார்த்தார். மெச்சுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது பெட்டியைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்தார். டிஸ்சார்ஜ் காகிதம். நாலாக மடித்து, மடிப்பில் துணி ஒட்டியிருந்தது. மகாராஷ்டிரத்தில் இருக்கும் இரண்டாம் உலகப் போர்க்காரர்களுக்கு மாதம் ஏதோ தொகை கொடுக்கிறார்களாம், இங்கிலீஷில் மனு எழுதித் தர முடியுமா என்று கேட்டார். என் கேள்விக்கெல்லாம் பதில் சொன்னதற்கு அவர் கேட்ட ஒரே உதவி. "அடுத்த வாரமே முடிச்சிடலாம்" என்று வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வாரம் மாட்டுங்காவில் எங்கள் மலையேற்றக் கோஷ்டியின் கூட்டம். ஒரு சபாவின் மாடி ஹால். நாற்பது பேர். செம்பூரிலிருந்து ஓய்வுபெற்ற கர்னல் ஒருவரையும் அழைத்திருந்தோம். தாத்தாவையும் நான்தான் டாக்ஸியில் கூட்டிவந்தேன். வெள்ளைச் சட்டை, இரவல் போலிருந்தது, தோள் தொங்கியது. இரண்டு மெடல் குத்தியிருந்தார். ஒன்று இத்தாலி ஸ்டார்.

முதலில் கர்னல் பேசினார். நம்பர் ஃபோர் ரகத்தை முதல் உலகப் போருக்கே கொண்டுபோனார். அது 1941இல்தான் படைக்கு வந்தது. தப்பு என்று எனக்கு உடனே தெரியும். வாயைத் திறக்கவில்லை. தலையை ஆட்டினேன்.

பிறகு தாத்தா. சொல்லிக்கொண்டே வந்தவர், சங்கீன் வந்ததும் இரண்டு கையையும் விரித்து "இவ்ளோ நீளம் சார்" என்றார். ஒன்றரை அடி இருக்கும்.

நான் எழுந்தேன். சொன்னது ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை. "தாத்தா, நீங்க சொல்றது 1944, இத்தாலி. அப்ப நம்பர் ஃபோர் வந்தாச்சு. அதோட பயனெட் ஆணி மாதிரி, எட்டே அங்குலம். நீங்க காட்டறது ராஜா காலத்துக் கத்தி."

ஹால் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை. தாத்தாவைப் பார்த்துப் பேரன்கள் சிரிக்கிற மாதிரி. அவர் விரித்த கை அப்படியே நின்றது. பிறகு மெதுவாக இறங்கியது. அந்தச் சங்கீனோடு ஒரு வருடத்துக்கு மேல் படுத்து ஊர்ந்திருக்கிறார். நான் புத்தகத்தில் படித்தவன்.

"அப்டியா சார்" என்றார். "நான் மறந்துட்டிருப்பேன்."

உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு நாற்பது நிமிடம் நான் பேசினேன். ஸ்லைடு போட்டேன். காபி வந்தபோது அவர் நாற்காலி காலி. பஸ் பிடித்துப் போய்விட்டார்.

கர்னலைத் திருத்தாத வாய் கிழவரைத் திருத்தியது. ஏன் என்று நான் மறைக்க முடியாது. ஒருவர் செம்பூர், இங்கிலீஷ், நாற்காலி. இன்னொருவர் தாராவி, தோல், தரை. என் ஜாதி என்ன, அவர் ஜாதி என்ன என்று அந்த நிமிடம் நான் யோசிக்கவில்லை. யோசிக்காமலே வந்ததுதான் எனக்கு அசிங்கம்.

அவர் சொன்னது சரி. சில மாதம் கழித்துப் படத்தொகுப்பு ஒன்றில் பார்த்தேன். இத்தாலியில் இந்திய வீரர்கள், 1944. துப்பாக்கிகளின் மூக்கு தட்டை. இந்தியப் படைகளிடம் இரண்டு ரகமும் இருந்தன. 1941இல் கப்பல் ஏறியவரின் கையில் பழைய ரகம் இருந்ததில் அதிசயம் என்ன? அதன் பயனெட் அலகு பதினேழு அங்குலம். அவர் கை விரித்தது அவ்வளவுதான். புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்தேன். அவரிடம் போய்ச் சொல்லவில்லை. ஏனென்றால் அதற்குள் அவர் முகத்தில் விழிக்க முடியாத வேறு காரியம் நடந்துவிட்டது.

ஜூலையில் ஹரிச்சந்திரகட் போனோம். கல்யாணில் எஸ்.டி. பஸ், மால்சேஜ் காட் வழியாக, கூபி ஃபாட்டாவில் இறங்கி, கீரேஷ்வரிலிருந்து ஏற்றம். மழை என்றால் சஹ்யாத்ரி மழை. டிஸ்சார்ஜ் காகிதத்தை எடுத்துப் போயிருந்தேன். குகையில் உட்கார்ந்து நண்பர்களுக்குக் காட்ட. 1946ஆம் வருடத்து அசல் காகிதம் என்று சொல்லிக்கொள்ள. மனு இன்னும் எழுதவில்லை.

பையில் துப்பாக்கிப் புத்தகம் ஒன்றும் இருந்தது. இங்கிலாந்திலிருந்து வரவழைத்தது. அதை இரண்டு பிளாஸ்டிக் உறையில் சுற்றி ரப்பர் பேண்டு போட்டு நடுவில் வைத்திருந்தேன். காகிதத்தைப் பையின் பக்கவாட்டுப் பாக்கெட்டில் செருகியிருந்தேன்.

மேலே கேதாரேஷ்வர் குகையில், இடுப்பளவு தண்ணீருக்கு நடுவே லிங்கமும், நாலில் மிஞ்சிய ஒரே தூணும் இருக்கும் அந்த இடத்தில், டார்ச் அடித்துப் பாக்கெட்டைத் திறந்தேன். துணி ஒட்டிய மடிப்புகள் மட்டும் முழுசாக இருந்தன. மற்றது கூழ். மசி கரைந்து என் விரல் நீலமாகியது. நெருப்புக்குப் பக்கத்தில் விரித்துப் பார்த்தேன், துண்டு துண்டாக வந்தது. புத்தகத்தில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

இதோடு நின்றிருந்தால் கவனக்குறைவு. மழைமேல் பழி போடலாம். நான் நிற்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போய், "மனு எழுதிக் காகிதத்தோட ஆபீஸ்ல குடுத்தாச்சு தாத்தா, வந்துடும்" என்றேன். அவ்வளவு சுலபமாக வந்தது வாயில். உண்மை சொல்லியிருந்தால் வழி இருந்தது. பெங்களூரில் சாப்பர்ஸ் மையத்தின் ஆவணப் பிரிவுக்கு எண்ணைக் குறிப்பிட்டு எழுதினால் விவரம் கிடைக்கும். எனக்கு இது நன்றாகத் தெரியும். எண் அவருக்கு மனப்பாடம். பெட்டியிலும் எழுதியிருந்தது. ஆனால் காகிதம் தொலைந்தது என்று அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். எப்படித் தொலைந்தது என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்தேன். எழுபத்தைந்து வயதுக் கிழவரின் ஒரு கேள்விக்கு.

அவர் காத்திருந்தார். பிறகு தானே அந்த ஆபீஸுக்குப் போய்க் கேட்டார். இரண்டு பஸ் மாற வேண்டும். முதல் தடவை, இரண்டாம் தடவை. அங்கிருந்தவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. உட்கார வைத்து, டீ கொடுத்து, ரிஜிஸ்டரைத் தேடியிருக்கிறார்கள். இல்லாததை எங்கே எடுப்பார்கள்? மூன்றாம் தடவை பாட்டியையும் கூட்டிப் போனார். தான் சொல்வது தப்பாக இருந்தால் திருத்த ஒரு ஆள் வேண்டும் என்று.

அதன் பிறகு வீட்டில் தேட ஆரம்பித்திருக்கிறார். டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்து. பரண்மேல். தோல் துண்டுகள் போட்டிருந்த சாக்கில். தினமும்.

நான் போனபோது பாட்டி என்னை வாசலில் நிறுத்திச் சொன்னாள்: "இவருக்கு ஞாபகம் தடுமாறுது தம்பி. உங்க கையில குடுக்கவே இல்லையோன்னு கேக்கறாரு. சங்கீன் நீளமே மறந்து போச்சே, இதுவும் மறந்திருக்கும்னு சொல்றாரு."

உள்ளே அவர் பெட்டிக்குள் கையை விட்டுக் கொண்டிருந்தார். முதுகு தெரிந்தது. அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய்க்கும் உண்மைக்கும் நடுவில் எதுவும் இல்லை. நான் சொன்னது இது:

"வயசானா அப்படித்தான் பாட்டி."

இந்த வாக்குமூலத்தில் இதைவிடக் கீழான வரி இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

1999 பிப்ரவரியில் அவர் போய்விட்டார். ப்யூன் சொன்னான். சந்து முனைவரை போனேன். பறை கேட்டது. உள்ளே போகவில்லை.

நான் திருந்திவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2008 நவம்பர் 26 இரவு பம்பாய் சி.எஸ்.டி. ஸ்டேஷனில் பயங்கரவாதிகள் சுட்டதில் 58 பேர் செத்தார்கள். தாக்கியவர்களின் தானியங்கித் துப்பாக்கிக்கு எதிரே போலீஸார் கையில் இருந்தது இதே த்ரீ நாட் த்ரீ. அடுத்த மாதம் ஓரிடத்தில் அதைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். போனேன். போல்ட்டை இழுத்துத் தள்ள எத்தனை நொடி என்று கையால் செய்துகாட்டினேன். செத்தவர்களில் ஒருவர் பெயர்கூட அன்று என் வாயில் வரவில்லை. 2020 குடியரசு தினத்தில் உத்தரப் பிரதேசப் போலீஸ் இந்தத் துப்பாக்கிக்கு அணிவகுப்பு நடத்தி விடை கொடுத்தது. "உங்க ஆள் ரிட்டயர் ஆயிட்டார்" என்று நண்பர்கள் செய்தி அனுப்பினார்கள். துப்பாக்கிக்கு மரியாதை செய்து வழியனுப்பினார்கள்.

பணம் என்ன ஆயிற்று என்பதைச் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் இருந்த எண்ணை வைத்து பெங்களூருக்கு எழுதினேன். ஐந்து மாதத்தில் பதில் வந்தது. பெயர், எண், சேர்ந்த நாள், விடுவித்த நாள், எல்லாம் சரி. ஒரு தபாலுக்கான செலவு. விதவைக்கு என்று தொகை வர ஆரம்பித்தது. பாட்டி அதை இரண்டு வருடம் வாங்கினாள். அவர் ஒரு ரூபாயும் வாங்கவில்லை.

பெங்களூருக்கு எழுதுவதற்கு முன்னால் பாட்டியிடம் சொல்ல வேண்டியிருந்தது. பதினாறாம் நாள் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். அதே அறை. அவர் விட்ட வாரை அவள் தைத்துக்கொண்டிருந்தாள். பெட்டியைக் காட்டி உட்காரச் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னேன். மழை, குகை, காகிதம். ஆபீஸில் கொடுக்கவே இல்லை என்பது. வாசலில் நான் சொன்ன வார்த்தை. சங்கீன் நீளம் அவர் சொன்னதுதான் சரி என்பதையும்.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அழுவாள் என்றும். ஊசியைச் சாக்கில் குத்தி வைத்தாள்.

"அப்ப அவரு மறக்கலையா?" என்றாள்.

"மறக்கல பாட்டி."

"எங்கிட்டதான் குடுத்தாருன்னு சொல்லு."

"எங்கிட்டதான் குடுத்தாரு."

எழுந்து வாசலுக்குப் போனாள். எதிர் வீட்டுக்காரியைக் கூப்பிட்டாள். பக்கத்து வீட்டுக்காரியையும் கூப்பிட்டாள். சந்து முழுக்கக் கேட்கிற குரல். "அவரு மறக்கலையாம். குடுத்துத்தான் இருந்தாராம். எல்லாம் ஞாபகமாத்தான் இருந்தாராம்."

யாரோ என்னை எட்டிப் பார்த்தார்கள். நான் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தேன்.